ஆறடித் தாத்தா

ஊரில் எந்தப் பூட்டையும் திறந்துவிடும் பூட்டுக்காரருக்கு வாய் திறக்கவே வராத இடம் ஒன்று உண்டு. அது அவர் வீடு. அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கேயே அவர் வாயைத் திறந்தார் என்றால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

"இந்தா பாரு. எங்க தாத்தா போருக்குப் போனவர். அதை நிரூபிக்காம நான் ஓயமாட்டேன்!"

மனைவி தையல் மெஷினை நிறுத்தவில்லை. வீட்டின் முன்னறைதான் அவளுடைய தையல் கடை.

"இப்ப யாரு இல்லைன்னாங்க?"

"ஊரே இல்லைங்குது!"

ஊர் சொல்லத்தான் செய்தது. போர்க்காலத்தில் ஊர்க்காரர்கள் சொந்த விருப்பத்தில் திரண்டு வாலண்டியர் படை என்று ஒன்றை அமைத்தார்கள். அதில் சேர்ந்த எல்லோர் பேரும் படை மண்டபத்துச் சுவரில் கல்லில் வெட்டியிருக்கிறது. பூட்டுக்காரரின் தாத்தா தானும் அந்தப் படையில் போய் வந்ததாகச் சொன்னார். ஊர் போய்ச் சுவரைப் பார்த்தது. பேர் இல்லை. அன்றிலிருந்து அவர்கள் வீட்டுக்குத் 'துப்பாக்கி வீடு' என்று பட்டப்பேர். சுட்டதெல்லாம் வாயால்தான் என்று விளக்கம் வேறு.

தாத்தா சிரித்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார். அப்பாவால் அப்படிச் சிரிக்க முடியவில்லை. படை உடுப்பில் தாத்தா நிற்கும் போட்டோவைத் துடைத்துக்கொண்டே இருந்தார், யாருக்கும் ஒரு வார்த்தை பதில் சொல்லாமலே கண்ணை மூடினார். பூட்டுக்குள் ஒடிந்துபோன சாவி மாதிரி அது பூட்டுக்காரர் நெஞ்சில் சிக்கிக்கொண்டது.

இப்போது படையின் ஆண்டுவிழா வருகிறது. வீரர்களின் வாரிசுகள் அணிவகுத்து நடக்கப் போகிறார்கள். அன்று காலை பக்கத்து வீட்டு ரிட்டயர்டு மேனேஜர் காம்பவுண்டுச் சுவர் மேல் தலையை வைத்தார்.

"என்ன துப்பாக்கி வீட்டுக்காரரே, அணிவகுப்புல நீங்களும் உண்டா?"

"ஏன், இல்லாம?"

"இல்ல, அந்த போட்டோவைப் பார்த்தேன். ஸ்டூடியோவுல வாடகைக்கு எடுத்த உடுப்பு மாதிரி இருக்கு. கை நீளத்தைப் பாருங்களேன், விரல் நுனிதான் வெளிய தெரியுது."

அதில் பிறந்ததுதான் காலைச் சபதம்.

பூட்டுக்காரர் நேராகப் படை மண்டபத்துக்குப் போனார். சுவரை மேலிருந்து கீழாகப் படித்தார். கீழிருந்து மேலாகப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். தாத்தா பேர் இல்லை. ஆனால் தாத்தாவின் அண்ணன் பேர் இருந்தது! கரப்பான்பூச்சி பறந்தால் கட்டில் மேல் ஏறிக்கொள்ளும் பெரிய தாத்தா! பூட்டுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீடு திரும்பியதும் மனைவி கேட்டாள். "பேரு இருந்துதா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தார். காம்பவுண்டுச் சுவர் மேல் மேனேஜரின் தலை முளைத்தது.

"இருக்கு!" என்று கத்தினார் பூட்டுக்காரர். "கேப்டன்னே போட்டிருக்கு!"

பொய்க்கு ஒரு குணம். தனியாக நிற்கக் கூச்சப்படும். அதற்குத் துணையாக ஓர் உண்மையையும் சேர்த்துவிட்டார். "அட, பெரிய தாத்தா பேரு கூட இருக்குன்னா பாத்துக்கயேன்!"

மெஷின் நின்றது.

"எந்தப் பெரிய தாத்தா? கரப்பான்பூச்சிக்குக் கட்டில் ஏறுவாரே, அவரா?"

"அவரேதான்."

"நல்ல உயரம்னு சொல்வீங்களே?"

"உயரமா? வாசல் நிலையில தலை இடிக்காம எந்த வீட்டுக்குள்ளயும் போனதில்ல."

"உங்க தாத்தா?"

"அவர் குள்ளம். அதுக்கென்ன?"

மனைவி போட்டோவை ஒரு பார்வை பார்த்தாள். "ம்ம்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த 'ம்ம்' ஒன்றுக்குத்தான் பூட்டுக்காரர் பயப்படுவார். பயந்தபடியே ஆயிற்று. இரண்டு நாள் கழித்துச் சேதி வந்தது.

"ஏங்க, படை அதிகாரியை வீட்டுக்கு டீ குடிக்கக் கூப்பிட்டிருக்கேன். கேப்டன் வாழ்ந்த வீடில்லையா? மேனேஜர் சாரையும் வரச் சொல்லிட்டேன்."

"அவருக்கெல்லாம் நேரம் இருக்குமா?"

"ஞாயித்துக்கிழமை சும்மாதான் இருக்காராம்."

"எனக்குக் கடையில வேலை கிடக்கே."

"ஞாயித்துக்கிழமை கடை லீவு."

"எனக்கென்னமோ காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு."

"வரட்டும். அதுக்கும் ஒரு டீ போட்டுடலாம்."

அதோடு விட்டாளா? அதிகாரி வருகிறார் என்று முன்னறைக்கு வெள்ளையடிக்கச் சொன்னாள். அடித்தார். கீச்சிடும் கேட்டுக்கு எண்ணெய் விடச் சொன்னாள். விட்டார். ஊர்ப் பூட்டையெல்லாம் பழுது பார்க்கிறவர் வீட்டில் வாசல் தாழ்ப்பாள் வருஷக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் மாட்டினார். மாட்டும்போதே, மாட்டிக்கொண்டது தாழ்ப்பாள் இல்லை, தான்தான் என்று புரிந்தது.

ஞாயிறு வந்தது. மேனேஜர் நாடகத்துக்கு முன்வரிசை டிக்கெட் வாங்கினவர் போலச் சாய்ந்து உட்கார்ந்தார். வாசலில் ஜீப் நின்றது. விறைப்பான அதிகாரி ஒருவர் உள்ளே நுழைந்தார்.

பூட்டுக்காரர் முந்திக்கொண்டார். "சார், வந்ததும் வராததுமா ஒரு விஷயம்... எங்க தாத்தா கேப்டன்னு நான்..."

அதிகாரி அவரைக் கவனிக்கவே இல்லை. போட்டோவுக்கு எதிரே போய் நின்றார். குதிகால் இரண்டும் சட்டென்று ஒட்டின. கை நெற்றிக்கு ஏறியது.

சல்யூட்!

மேனேஜர் சாய்ந்த இடத்திலிருந்து நிமிர்ந்தார்.

"கேப்டன் இல்லீங்க, சாதாரண சிப்பாய்" என்றார் அதிகாரி. "ஆனா அன்னிக்குக் கேப்டனையும் சேர்த்துக் காப்பாத்தினவர். பாலம் விழுந்து எங்க படை அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு. உதவி கேக்கலாம்னா டெலிபோன் கம்பி அறுந்து கிடக்கு. ரோட்டு மேல தலை தெரிஞ்சா குண்டு. ரோட்டுக்கு அடியில ஒரு தண்ணிக் குழாய் மட்டும் இருந்தது. கம்பியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு அதுக்குள்ள தவழ்ந்தே போய் ஒரு சிப்பாய் இணைப்புக் கொடுத்தார். அத்தனை பேரும் உயிரோட வீடு திரும்பினாங்க."

அதிகாரி போட்டோவை விட்டுத் திரும்பினார்.

"எங்களுக்கு ரொம்ப நாளா ஒரு குழப்பம். எங்க கணக்குப்படி அந்த சிப்பாய் ஆறடி. ஆறடி ஆளு அந்தக் குழாய்க்குள்ள எப்படி நுழைஞ்சார்? போன வாரம் அம்மா வந்து சொன்ன பிறகுதான் தெளிவாச்சு."

எல்லோரும் மனைவியைப் பார்த்தார்கள். அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொன்னது சரிதான் சார். அந்த உடுப்பு அவர் அளவு இல்ல. அவங்க அண்ணன் அளவு."

"புரியலியேம்மா" என்றார் மேனேஜர்.

"கரப்பான்பூச்சிக்குப் பயந்தவர் பேரு சுவர்ல இருக்கு. போட்டோவுல இருக்கிறவர் பேரு இல்ல. உடுப்பு ஒரு நெட்டை ஆளுக்குத் தச்சது. எங்கயோ தையல் மாறியிருக்குன்னு தோணிச்சு. வெளியூர்ல இருக்கிற அத்தைக்குப் போன் போட்டேன். அவங்க தாத்தாவோட பொண்ணு. காது மந்தம், தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தித்தான் கேக்க வேண்டியிருந்தது."

அத்தை சொன்ன கதை இதுதான். குள்ளம் என்று தாத்தாவைப் படையில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். அவர் வீட்டுக்கு வந்து அண்ணன் காலைப் பிடித்தார். அண்ணன் நடுங்கிக்கொண்டே போய் அளவுகோலுக்குக் கீழே நின்று தன் பேரைக் கொடுத்தார். மறுநாள் உடுப்பை மாட்டிக்கொண்டு முகாமுக்குள் நுழைந்தது தம்பி. போர் முடியும்வரை அண்ணன் வெளியூரில் பதுங்கிக் கிடந்தார். பாவம், கணக்குப்படி அவர் போர்முனையில் அல்லவா இருக்கிறார்! அண்ணன் பேரில் போனதைச் சொன்னால் அண்ணன் தலை உருளும் என்று தாத்தா அதைப் பற்றி மட்டும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. ஊர் சிரித்தபோது கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

"அத்தை ஏன் இத்தனை நாளா சொல்லல?" என்று கேட்டார் பூட்டுக்காரர்.

"யாராவது கேட்டா சொல்லு, கேக்காம சொல்லாதேன்னு சத்தியம் வாங்கியிருந்தாராம். 'எவன்டி கேட்டான்'னு என்கிட்ட சண்டைக்கு வர்றாங்க."

மேனேஜர் மெதுவாக எழுந்தார். போட்டோவுக்கு எதிரே போய், பழக்கமில்லாத கையால் கோணலாக ஒரு சல்யூட் வைத்தார். பூட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது. கண் நிறைந்து வழிந்தது.

"சுவர்ல பேரை மாத்திடறோம்" என்றார் அதிகாரி.

"மாத்தாதீங்க சார்" என்றாள் மனைவி. "பக்கத்துல சேர்த்து வெட்டுங்க. அவ்வளவு பயத்தையும் வச்சுக்கிட்டுத் தம்பிக்காகப் போய் நின்னாரே, அவரும் வீரர்தான்."

அதிகாரி தலையாட்டினார். "அப்புறம், அணிவகுப்புல வீட்டுக்கு ஒருத்தர்தான் நடக்கலாம்."

பூட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். தொப்பையை உள்ளே இழுத்தார். நெஞ்சை வெளியே தள்ளினார்.

"தேடிக் கண்டுபிடிச்சவங்களுக்குத்தான் அந்த மரியாதை" என்றார் அதிகாரி. "அம்மா, நீங்க முன்வரிசை."

அதிகாரி போனதும் பூட்டுக்காரர் மெல்லக் கேட்டார். "நான் சொன்னது பொய்னு அன்னிக்கே தெரியுமா?"

"உங்க பொய்யை வச்சுத்தானே பிடிச்சேன். பாதி உண்மை அதுலதான் இருந்தது."

"அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம். வெள்ளை யாரு அடிப்பா?"

ஆண்டுவிழா அன்று தெருவெங்கும் ஜனம். பேண்டு வாத்தியம் முழங்கியது. தாத்தாவுக்குச் சேரவேண்டியது என்று படை இப்போது கொடுத்த பதக்கத்தைக் குத்திக்கொண்டு, கையை வீசி, மனைவி முன்வரிசையில் நடந்து வந்தாள். பூட்டுக்காரர் கைதட்டிய தட்டில் உள்ளங்கை சிவந்தது.

பக்கத்தில் நின்றவர் வியந்தார். "என்ன மிடுக்கு! யாருங்க அந்தம்மா?"

"குழாய்க்குள்ள தவழ்ந்து போய்ப் படையையே காப்பாத்தினாரே, அந்த வீரரோட பேரன் சம்சாரம்!"

"அப்படியா! பேரன் எங்கங்க?"

பூட்டுக்காரர் மனைவியின் கைப்பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"கூட்டம் பாருங்க... இங்கதான் எங்கேயாவது நிப்பான்."