கவ்வாத்துச் சாமியும் கக்கூஸ் படியும்

வெள்ள நிவாரணத்துக்கு வருகிற ஆசிரியர்களைத் தயவுசெய்து நம்பாதீர்கள். பிள்ளைகளை அதட்டிப் பழகியவர்களுக்குச் சேற்றையும் அதட்டி வெளியேற்றலாம் என்று ஒரு நினைப்பு இருக்கும். எனக்கும் இருந்தது. இப்போது இடுப்புவலி இருக்கிறது.

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். ஓடை பெருகி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் புகுந்துவிட்டது. சனங்கள் இரவில் பள்ளிக்கூடத்தில் படுத்து, பகலில் வந்து சேறு அள்ளினார்கள். நானும் மனைவி சாந்தியும் பதுளையிலிருந்து மண்வெட்டியோடு போய் இறங்கினோம். நாள் முழுக்க அள்ளினோம். மறுநாள் பார்த்தால் அதே அளவு சேறு. (யார் திரும்பக் கொண்டுவந்து கொட்டினார்களோ!)

கக்கூசுக்குப் போகிற வழியிலும் முழங்கால் சேறு. பெண்கள் படும் பாட்டைப் பார்த்து மனசு கேட்கவில்லை. ஓடையில் கிடந்த கற்களைத் தூக்கிவந்து நானே படி போட்டேன். அதில் ஒன்று சப்பையாக, சேறு அப்பிக் கிடந்தது. பார்த்தவுடன் பிடித்துப்போய் வாசற்படியாக வைத்தேன். கொஞ்சம் வழுக்கியது. பள்ளிக்கூடத்து அடுப்புச் சாம்பலை அள்ளிவந்து தூவினேன்.

"நல்ல கல்லா பாத்துப் போட்டிருக்கீங்க மாஸ்டர்" என்று பாராட்டிவிட்டு, செருப்போடு அதில் ஏறி உள்ளே போனார் முத்தையா.

இந்த முத்தையாதான் கவ்வாத்துச் சாமிக்குப் பூசை செய்பவர். தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவதற்கு முன், கத்திகளை வைத்துக் கும்பிடுகிற கல் அது. மரத்தடியில் எண்ணெயும் மஞ்சளும் குங்குமமுமாக இருக்குமாம். வெள்ளம் மரத்தோடு அதையும் கொண்டுபோய்விட்டது.

"சாமி கெடைக்காம லயத்துல அடுப்பு மூட்ட மாட்டோங்க" என்றார். "அதுவே போயிருச்சுன்னா, எந்த நம்பிக்கையில பிள்ளைகள இங்க படுக்க வைக்கிறது?"

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பள்ளிக்கூடத்துச் சீமெந்துத் தரையில் பிள்ளைகள் கிடந்து இருமுவது எனக்கும் நினைவுக்கு வந்தது.

அப்புறமென்ன, நானே முன்னால் நின்று தேடினேன். மத்தியானம் முழுக்க ஓடைக்குள் நின்று, ஒவ்வொரு கல்லாகத் தூக்கிக் காட்டினேன். "இது இல்லீங்க", "இதுவும் இல்லீங்க" என்று கரையிலிருந்து முத்தையா சொல்லிக்கொண்டேயிருந்தார். கடைசியில் உடம்பு விறைத்துத் திரும்பிவந்து, கால் கழுவ அந்தப் படியில் ஏறி நின்றேன். சாந்தி வாளித் தண்ணீரை ஊற்றினாள். சேறும் சாம்பலும் கரைந்தன. தண்ணீர் கல்லில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டது. வருடக்கணக்காக எண்ணெய் குடித்த கல்.

முத்தையா குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன்.

"மாஸ்டர்," என்றார் மெதுவாக, "கால எடுங்க."

லயமே திரண்டுவிட்டது. (திருநீறு பூசியதும் நான்தானே என்று சாந்தியிடம் முணுமுணுத்தேன். எடுபடவில்லை.) நல்ல வேளையாக, காலையிலிருந்து அதில் ஏறி இறங்காதவர் ஒருவருமில்லை. அதனால் என்னை அடிக்க யாருக்கும் கை வரவில்லை. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு முத்தையாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"கொண்டாந்தவரே கொண்டுபோயி வைங்க" என்று, மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டிய சாமியை என் தலையில் ஏற்றினார்கள். மேடு ஏறி முடிப்பதற்குள் கழுத்து தோளுக்குள் இறங்கிவிட்டது. ஆனால் அன்று சாயங்காலம் லயத்தில் வரிசையாக அடுப்புகள் புகைந்தன. அந்தப் புகையில் இருமியபடி குடித்த தேத்தண்ணீரைப்போல ஒன்றை நான் பிறகு குடித்ததில்லை.

கவ்வாத்துப் பூசை வந்தால் முத்தையா இன்றும் போன் பண்ணுகிறார். "வந்திருங்க மாஸ்டர். ஒதவியெல்லாம் வேணாம், சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

வீட்டில் நான் கக்கூஸ் பக்கம் நடந்தாலே சாந்தி குரல் கொடுப்பாள்: "படியக் கும்புட்டுட்டு ஏறுங்க!"

அவள் சிரிப்பதற்காகச் சொல்கிறாள். நான் நிஜமாகவே கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுகிறேன்.