ஒரே ஒரு தரம் போய்வந்தவர்

நகரத்தில் ஏழு மாடி ஆஸ்பத்திரி ஒன்று எழும்பினால், கூடவே ஒரு ஜீவனும் எழும்பிவிடும். அங்கே ஒரே ஒரு தரம் போய்வந்தது, அவ்வளவுதான் அதன் படிப்பு. கட்டிய இன்ஜினீயருக்கே வழி சொல்லும்.

காவலூரில் அவர் பெயர் கோபால்சாமி. மச்சானின் குடலிறக்க ஆபரேஷனுக்குத் துணைக்குப் போனவர். பக்கத்து வீட்டு வடிவுக்கு அதே ஆஸ்பத்திரியில் பதினோரு மணிக்கு இருதய ஸ்கேன். தவறினால் அடுத்த தேதிக்கு ஒரு மாதம். நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்குகிறவள் ஒரு மாதம் தாங்குவாளா? "கவலப்படாத, அந்தக் கட்டடம் எனக்கு அத்துப்படி" என்று முதல் பஸ்ஸில் கூட்டிவந்துவிட்டார்.

விசாரணை மேசையைக் கடந்தே போனார். கேட்பதாவது!

தரையில் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று கோடுகள் ஓடின. வடிவின் சீட்டிலும் ஒரு சிவப்புக் கோடு இருந்தது.

"அண்ணா, இந்தக் கோட்டு மேலயே போவலாமா?"

"அது அழகுக்குப் போட்டது, வடிவு."

ஏழு மாடிக்கும் வெளிச்சம் இறங்கும் கண்ணாடிக் கூரையைக் காட்டி, ஸ்ட்ரெச்சர் ஏறும் சாய்தளத்தின் சரிவை விளக்கி, காற்று எந்த ஜன்னலில் நுழைந்து எதில் வெளியேறுகிறது என்று கையை வீசி, நாலாவது மாடித் தோட்டத்தையும் சுற்றவைத்து, கடைசியில் அவளைத் துணி துவைக்கும் அறை முன் நிறுத்தினார். மூன்றாவது தடவையாக.

"போன வருசம் லிப்ட் இங்கதான் இருந்துது. இன்னா பிளான் போட்டானுங்க, தப்புத் தப்பா!"

மணி பத்து ஐம்பது. வடிவுக்கு நெஞ்சு படபடத்தது. பயம் பாதி, ஆத்திரம் பாதி. துடைப்பத்தோடு வந்த பெண்ணை நிறுத்தினாள்.

"இருதய ஸ்கேன் எங்கங்க?"

"செவப்புக் கோட்டப் புடிச்சிக்கினே போம்மா."

இரண்டே திருப்பம். பெயர் கூப்பிடவும் அவள் போய் நிற்கவும் சரியாக இருந்தது. அடைப்பு ஒன்றுமில்லை, மாத்திரை போதும் என்றார் டாக்டர். வடிவு வாய்விட்டு அழுதாள்.

திரும்பும் பஸ்ஸில் கோபால்சாமி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நா மட்டும் கூடப் போவலன்னா, இது அங்கயே தொலஞ்சிருக்கும்."

வடிவு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாக. ஒன்று மட்டும் சொல்லுங்கள்: யாராவது வழி கேட்டபோது, "எனக்குத் தெரியாதுங்க" என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது எப்போது?

யோசித்துச் சொல்லுங்கள். நோயாளி காத்திருக்கட்டும்.