நடுப்படியில் நிற்கும் அலமாரியின் பூர்வீகம் பற்றி

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நலம் என்று தொடங்கத்தான் கை போகிறது. ஆனால் முப்பத்து நான்கு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் முதல் வரியிலேயே பிழை விடக்கூடாது என்பதால் நிறுத்திக்கொண்டேன். தங்கள் தங்கை மூன்றாம் மாடியில் நலம். நான் தரைத்தளத்து ரொட்டிக்கடையில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு அலமாரி நிற்கிறது. தாங்கள் பல்கலைக்கழகத்தில் அகராதித் துறையில் இருப்பதால், எங்களைச் சேர்த்துவைக்கத் தங்களால் மட்டுமே முடியும்.

வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கள் தங்கை வீட்டிலேயே தையல் வகுப்பு தொடங்குவது தங்களுக்குத் தெரியும். ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் படிப்பு, என் வேலை, என் அம்மாவின் முட்டிவலி என்று எல்லாவற்றுக்கும் வழிவிட்டு அவள் ஆசை இருபது வருடம் ஒதுங்கி நின்றது. துணியும் நூலும் வைக்க ஒரு அலமாரி போதும் என்றாள். பழைய சாமான் கடையில் நல்ல கனத்த மரத்தில் ஒன்று கிடைத்தது. நேற்றுக் காலை தூக்கினோம். மேல்பக்கம் எதிர்வீட்டு நர்ஸம்மாவும் மின்வேலைக்காரரும், கீழ்ப்பக்கம் நானும் ரொட்டிக்கடைக்காரரும். இரண்டு மாடி பூப்போல ஏறியது. மூன்றாம் மாடிக்குப் படி திரும்பும் இடத்தில் ரொட்டிக்கடைக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு, "எங்க இந்தியிலயும் இதுக்கு அல்மாரிதான் சார். எங்ககிட்டேருந்து எடுத்துக்கிட்டீங்க போல" என்றார். மேலிருந்து மின்வேலைக்காரர், "அதெப்படி? எங்க வீட்ல பேசுறது மலாய். அதுலயும் அல்மாரிதான். நீங்க ரெண்டு பேரும்தான் எங்ககிட்ட வாங்கியிருக்கணும்" என்றார். நர்ஸம்மா விடுவாரா? "சிங்களத்துல அல்மாரிய. வாலை வெட்டிட்டு மூணு பேரும் ஆளுக்கொண்ணா எடுத்துட்டுப் போயிட்டீங்க" என்றார்.

மச்சான், ஓடுகிற அச்சு இயந்திரத்தைக் கை காட்டி நிறுத்துவதே என் பிழைப்பாக இருந்தது. ஒரு பிழையைக் கண்ட பிறகு அதைத் தாண்டிப் போக எனக்குத் தெரியாது. "கீழே வையுங்கள்!" என்று கத்திவிட்டேன். வைத்தார்கள். வைத்த வேகத்தில் அலமாரி கோணலாகச் சாய்ந்து, கதவுப்பக்கம் சுவரோடும் கால்பக்கம் கைப்பிடியோடும் இறுகிக்கொண்டது. நான் அதைக் கவனிக்கவில்லை. அலம் என்றால் போதும், வாரி என்றால் வாரி வைப்பது, ஆகவே போதும் போதும் என்கிறவரை வாரி வைக்கும் இடமே அலமாரி, சுத்தமான தமிழ் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த விளக்கம் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் எனக்குத் தோன்றியது என்பதைத் தங்களிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. "எங்க வார்த்தைன்னு சொல்லுங்க, தூக்குறேன்" என்று மூவரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். அகராதியைப் பார்த்து ஒரு நிமிடத்தில் முடித்திருக்கலாம். ஆனால் அகராதி அலமாரிக்குள் இருக்கிறது. வீட்டில் இடமில்லை என்று தங்கள் தங்கை தடை போட்டதால் என் புத்தகங்கள் ஒரு வருடமாக ரொட்டிக்கடை மூலையில் கிடந்தன. காலியாகத்தானே மேலே போகிறது என்று, அவளுக்குத் தெரியாமல் சிலவற்றை மட்டும் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டியிருந்தேன். சாவி கதவிலேயே இருக்கிறது, கதவோ சுவரோடு ஒட்டி நிற்கிறது.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று ரொட்டிக்கடைக்காரர் சுவரில் வெண்ணெய் தடவினார், அலமாரி அசையவில்லை, நான்தான் ஒன்பது படி வழுக்கிக்கொண்டு போனேன். மேலே மாட்டிக்கொண்ட மின்வேலைக்காரர் சும்மா இருக்க முடியாமல் எங்கள் வீட்டுச் சுவிட்சுகளைக் கழற்றி மாட்ட ஆரம்பித்திருக்கிறார், இப்போது விசிறிக்குப் போட்டால் அழைப்புமணி அடிக்கிறதாம். நர்ஸம்மா அலமாரியின் முதுகைத் தட்டிப்பார்த்து, "நோயாளி திரும்பிப் படுத்தா சரியாயிடும்" என்றார். நோயாளி திரும்பவில்லை. தங்கள் தங்கை மேல்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்: "சொல்லு யாரோடதா வேணா இருக்கட்டும். அலமாரி என்னோடது. திங்கக்கிழமை பத்து மணிக்கு ஆறு பேர் படியேறி வராங்க." அதோடு சரி, நேற்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. இருபது வருடம் காத்தவளை இரண்டு நாள் மிச்சமிருக்கும்போது நடுப்படியில் நிறுத்திவிட்டேன் என்று நினைத்தால் எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

ஆகவே மச்சான், அலமாரி என்ற சொல் யாருடையது என்று துறையின் முத்திரையோடு ஒரு தீர்ப்பை உடனே அனுப்பவும். தமிழ் என்று வந்தால் மகிழ்ச்சி. இல்லை என்று வந்தாலும் தலை வணங்குவேன், அலமாரி நகர்ந்தால் போதும். தங்கள் புதிய விலாசம் அவளிடம்தான் இருக்கிறது. ரொட்டிக்காக அவள் ஜன்னலிலிருந்து இறக்குகிற பையிலேயே இதை ஒட்டாமல் வைத்து அனுப்புகிறேன். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு எல்லா நலமும் பெருக என் ஆசியும் உரித்தாகுக.

இப்படிக்கு,
மாவு படிந்த கையோடு,
தங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: அண்ணா, இது நான். பிரித்துப் படிக்கவில்லை, ஒட்டாமல்தான் வந்தது. அலமாரி மேலே வந்துவிட்டது. இவர் இதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் மின்வேலைக்காரரின் திருப்புளியை எடுத்து நானும் நர்ஸம்மாவும் பின்பலகையைக் கழற்றினோம். 'சில' புத்தகங்கள் என்கிறாரே, இருபத்து மூன்று. எல்லாவற்றையும் எடுத்ததும், மின்வேலைக்காரரையும் சேர்த்து மூன்று பேர் தூக்க அலமாரி தானாக வருவதுபோல் வந்தது. அகராதியில் அந்தச் சொல்லையும் பார்த்துவிட்டேன். போர்த்துக்கீசியர் கப்பலில் கொண்டுவந்ததாம், அதற்கு முன்னால் லத்தீனாம், கருவிகளும் ஆயுதங்களும் வைக்கும் இடம் என்று பொருளாம். ஆக, நான்கு பேருமே இரவல் வாங்கியவர்கள். என் கத்தரிக்கோல்களையும் ஊசிகளையும் அதில் அடுக்கிவிட்டேன், பொருத்தமாகத்தான் இருக்கிறது. அவரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், என் கோபமெல்லாம் போய்விட்டது, 'இருபது வருடம் காத்தவளை' என்கிற வரியைப் படித்ததும் கண்கூடக் கலங்கிவிட்டது. இப்போதே கூப்பிட்டுச் சோறு போடப்போகிறேன். ஆனால் அந்த அகராதி மட்டும் என் துணிகளுக்கு அடியில் இருக்கிறது, சாவி என் இடுப்பில். நர்ஸம்மாவும் வாய் திறக்க மாட்டார், ஏழாவது ஆளாக வகுப்பில் சேர்ந்துவிட்டார். நீங்களும் சொல்லிவிடாதீர்கள் அண்ணா. விடை தெரியாதவரை இவர் தினமும் பத்து மணிக்குக் கீழே ரொட்டிக்கடையில் வாதாடப் போய்விடுவார். ஒரு வருடத்துக்காவது 'ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்' என்றே பதில் எழுதுங்கள்.