கிடாவுக்கு வாய்தா வாங்கியவர்

அஞ்செட்டி மலையில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தனியாக ஒரு வக்கீல் இருந்தார். மனிதருக்காக அவர் ஒரு நாளும் வாதாடியதில்லை. "மனுசனுக்குத்தான் வாயிருக்குதே, அவனே பேசிக்குவான்" என்பார்.

நான் கல்யாணமாகி அங்கே போன ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அவர் நடுவயதுக்காரர். கிருஷ்ணகிரி கோர்ட்டில் பங்கா இழுத்தவர். மின்விசிறி வந்ததும் ஊர் திரும்பிவிட்டார், கோர்ட்டுப் பேச்சை மட்டும் விடாமல் தூக்கிக்கொண்டு. எதற்கெடுத்தாலும் வாய்தா கேட்பார். அதனால் ஊருக்கு அவர் வாய்தாண்ணன்.

கல்யாண வண்டியை மேட்டில் மறித்தவர் அவர். "மாடு மூச்சு வாங்குது, மாப்பிள்ளை எறங்கட்டும்." மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடு முழுக்க நடந்தார். அந்த மாப்பிள்ளைதான் என் வீட்டுக்காரர். "பொண்ணு ஒக்காரட்டும், எடை கம்மி" என்று எனக்கு மட்டும் விடுதலை. இதைப் பொய் என்கிறவர் என் எதிரே வந்து சொல்லட்டும்.

பிறகு என் வீட்டுக்காரருக்குக் கடுங்காய்ச்சல் வந்தது. மாமியார் மாரியம்மனுக்குக் கிடா நேர்ந்தார். காய்ச்சல் போய்விட்டது. நேர்ந்த கிடாவோ, நான் மடியில் போட்டுப் பால் ஊட்டி வளர்த்த தம்முடு. கூப்பிட்டால் அடுப்படி வரை வருவான். புது மருமகள் வாய் திறக்க முடியுமா? அம்மன் பண்டிகைக்கு முந்தின நாள் வாய்தாண்ணன் முன்னால் போய் அழுதுகொண்டு நின்றேன்.

"உன் கட்சிக்காரன் பேரென்னம்மா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் கோயில் முன்னால் முதலில் சட்டம் பேசினார். "கோயில்ல உசுரு பலி கூடாதுன்னு சர்க்காரே சட்டம் போட்டாச்சுங்க."

"சட்டம் வந்து சேர அஞ்செட்டிக்கு ஏதப்பா பஸ்ஸு?" என்றார் ஊர்க்கவுண்டர். கூட்டம் சிரித்தது.

பூசாரி தம்முடுவின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். கிடா உடம்பைச் சிலிர்த்தால்தான் வெட்டுவது எங்கள் வழக்கம். சிலிர்த்தால் சம்மதம் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். தம்முடு நன்றாகவே சிலிர்த்தான். பம்பை அதிர்ந்தது. அரிவாள் மேலே போனது.

"ஆட்சேபணைங்க" என்று குறுக்கே பாய்ந்தார் வாய்தாண்ணன். செம்பைப் பிடுங்கி, மிச்சத் தண்ணீரைக் கவுண்டரின் வெறும் முதுகில் கவிழ்த்தார். காலைநேர மலைக்காற்று வேறு. கவுண்டர் உச்சி முதல் உள்ளங்கால் வரை சிலிர்த்தார்.

"கவுண்டரும் சம்மதிச்சிட்டாருங்க. பூசாரி, யாரை மொதல்ல?"

பம்பை நின்றுவிட்டது. பூசாரி அரிவாளைப் பார்த்தார், கவுண்டரைப் பார்த்தார்.

"அடப்பாவி, குளுருல ஒடம்பு ஒதறுனா அது சம்மதமாடா?"

"அதைத்தானுங்க அவனும் சொல்றான்."

கவுண்டர் துண்டால் முதுகைத் துடைத்தபடி தம்முடுவைப் பார்த்தார். சொட்டச் சொட்ட அவனும் கவுண்டரைப் பார்த்தான். கவுண்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, எடுத்துக்க உன் வாய்தாவை. அடுத்த வருசம் பாக்கலாம்."

"அம்மனுக்குச் சொன்ன வேண்டுதலு?" என்றார் மாமியார்.

"வேண்டுதல் எங்கயும் போவாது ஆத்தா. தள்ளித்தான் வெச்சிருக்குது" என்றார் வாய்தாண்ணன்.

அடுத்த வருஷமும் தள்ளி வைத்தார்கள். அதற்கடுத்த வருஷமும். தம்முடு, கவுண்டர் காட்டுக் கேழ்வரகைத் தின்று கொழுத்து, பல் கொட்டி, கிழவனாகி என் வாசலில் தூக்கத்திலேயே போனான்.

வாய்தாண்ணன் போன அன்று ஊரே கூடி நின்றது. எமனிடம் அவருக்கு ஒரு வாய்தா கேட்கத் தெரிந்தவர்தான் எங்களில் ஒருவரும் இல்லை.