சிவப்பு டப்பாவுக்குள் மாமியார் வீடு

'பிழை' என்றால் தவறு என்றே தமிழுலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இந்த அறியாமையை இன்றோடு ஒழித்தாக வேண்டும். அகராதியில் இன்னொரு பொருளும் உண்டு: உயிர் தப்பு. டில்லிபாபு அகராதி பார்க்காதவன்.

வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் அவன் லைன் ஆபரேட்டர். ஒரு மாதமாகப் பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழி படிக்கிறான். வாரத்தில் கிடைக்கும் ஒரே லீவான ஞாயிற்றை அவன் தூங்கிக் கழிக்க விரும்பினான். மனைவி கங்கா வடக்குப்பட்டிலுள்ள தாய்வீட்டில் கழிக்க விரும்பினாள். அங்கே போனால் மாமியார் ஏதாவது வேலை எடுத்து வைத்திருப்பார். ஆகவே நடுநிலையாக ஒரு புரோகிராம் எழுதினான். ஒன்று முதல் ஆறு வரை ஓர் எண் கேட்கும். எந்த எண்ணைக் கொடுத்தாலும் 'தூக்கம்' என்று தீர்ப்புச் சொல்லும்.

சனிக்கிழமை கங்காவைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தான்.

"ஒரு நம்பர் அடி. அது சொல்றதுதான் தீர்ப்பு. அப்பறம் பேச்சு மாறக்கூடாது."

"நீயும்தான்."

கங்கா 'ஆறு' என்று எழுத்தில் அடித்தாள். புரோகிராம் அப்படியே நின்றது. திரையில் நாலு வரி. கடைசியில் 'வேல்யூ எர்ரர்'.

"இன்னாய்யா, எங்கம்மா வூட்டுக்கு வேல்யூ இல்லன்னு சொல்லுதா?"

"எழுத்துல அடிச்சா அதுக்குப் புரியாது. அதான் நின்னுடுச்சி."

"நம்பர்தானே கேட்ட? ஆறு நம்பர் இல்லியா?"

டில்லிபாபுவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிற்காமல் ஓட 'ட்ரை', 'எக்ஸெப்ட்' என்று புத்தகத்தில் ஏதோ வழி உண்டு. மூன்று முறை படித்தான். மூன்று விதமாகக் குழம்பினான்.

வேறொரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கும் கங்கா எட்டிப் பார்த்தாள்.

"இதுல இன்னா கீது? எங்க லைன்ல ரிஜெக்ட் வந்தா பெல்ட்ட நிறுத்துவமா? சிவப்பு டப்பால போட்டுட்டுப் போய்கினே இருப்போம். ட்ரைன்னா லைனு. எக்ஸெப்ட்னா சிவப்பு டப்பா."

"சரி, டப்பால இன்னா எழுதறது?"

"எங்கம்மா வூடுன்னு எழுதிக்கோ. ரிஜெக்ட்தானே."

டில்லிபாபுவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. மாமியார் வீட்டை மகளே ரிஜெக்டில் போடச் சொல்கிறாள். உடனே எழுதி, ஓட்டினான்.

கங்கா நிதானமாக விரலை நீட்டி, மறுபடியும் 'ஆறு' என்று எழுத்திலேயே அடித்தாள். இம்முறை புரோகிராம் நிற்கவில்லை; 'எங்கம்மா வூடு' என்று தீர்ப்புச் சொன்னது. பிழைத்துக்கொண்டது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, டில்லிபாபு வடக்குப்பட்டில் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பாசி தேய்த்துக்கொண்டிருந்தான்.