சர்க்கார் கால்

ஒரே ஒரு காலை வைத்துக்கொண்டு பாதி ஜில்லாவை நடக்க வைத்த பெருமை, உலக சரித்திரத்திலேயே திருவள்ளூர் 'அங்கஹீனர் உபகரண அபிவிருத்தி விசேஷ காரியாலய'த்துக்கு மட்டுமே உரியது. வானத்தில் ராக்கெட் விட்டோம் என்று மார்தட்டும் தேசங்கள்கூட இந்தச் சாதனைக்குப் பக்கத்தில் வர முடியாது. அவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு புது ராக்கெட் வேண்டியிருக்கிறது.

காரியாலயம் திறந்தபோது சர்க்கார் தாராளமாகத்தான் பணம் ஒதுக்கியது. முதலில் மேஜை வாங்கினார்கள். மேஜை இல்லாமல் கால் இல்லாதவர்களுக்கு எப்படி உதவுவது? பிறகு மேஜைக்குப் பின்னால் நாற்காலி, நாற்காலிக்கு மேலே மின்விசிறி, விசிறிக் காற்றில் காகிதம் பறக்காமலிருக்கக் கண்ணாடிக் குண்டு, குண்டுக்கு அடியில் வைப்பதற்கு ஒரு வண்டி நிறைய அச்சடித்த படிவங்கள், எல்லாவற்றையும் மேற்பார்வையிட ஒரு ஜீப். மிச்சப் பணத்தில் ஒரு மரக்கால் வந்தது. இடது கால். நல்ல தேக்கு. தோல் வார், பித்தளைக் கொக்கி.

குமாஸ்தா பரசுராமன் முதல் மாதக் கணக்கில், 'வழங்கப்பட்டவை' என்ற கட்டத்தில் 'ஒன்று' என்று எழுதி அனுப்பினான். அவன் புதிதாகச் சேர்ந்த இளவயதுத் தற்காலிக உத்தியோகஸ்தன். அந்த வயதில் உண்மை எழுதும் பழக்கம் சிலருக்கு இருக்கும். 'ஒன்று என்பது தட்டெழுத்துப் பிழையா?' என்று சென்னையிலிருந்து கடிதம் வந்தது.

விசேஷ அதிகாரி ராஜமாணிக்கம் கடிதத்தை மேஜைமேல் வைத்து, மேஜையை ஒரு தட்டுத் தட்டினார்.

"யோவ் பரசுராமன், படிவத்துல 'வழங்கப்பட்டவை'ன்னு கட்டம் இருக்கா?"

"இருக்கு சார்."

"'திரும்ப வாங்கினவை'ன்னு?"

"இல்லை சார்."

"அப்போ சர்க்கார் அதைத் தெரிஞ்சுக்க விரும்பலேன்னு அர்த்தம். கொடுக்கறது தர்மம்யா. திரும்ப வாங்கறது நிர்வாகம்."

அன்று புறப்பட்ட கால்தான். காக்கிப் பைக்குள் ஏறி, பரசுராமன் மடியில் உட்கார்ந்து, கடம்பத்தூருக்கு ரயிலில் போயிற்று. பொன்னேரிக்கு பஸ்ஸில் போயிற்று. போன இடமெல்லாம் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல், மாலை, மைக். அதிகாரி காலை வழங்குவார். பயனாளி மாட்டிக்கொள்வார். போட்டோ எடுக்கும்போது அவர் சாய்ந்துவிடாமல், பின்னால் குனிந்து மறைந்துகொண்டு இடுப்பைத் தாங்கிப் பிடிப்பது பரசுராமனுக்கு ஒப்படைக்கப்பட்ட ராஜாங்கக் கடமை. போட்டோவில் அவன் ஒருபோதும் விழுந்ததில்லை, பயனாளியும் விழுந்ததில்லை. நன்றியுரை முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் அழைத்துப் போய், 'பரிசோதனை நிமித்தம்' காலைக் கழற்றிக்கொண்டு, ஒரு சான்றிதழும் எலுமிச்சம்பழமும் கொடுத்து அனுப்புவார்கள்.

வலது கால் இல்லாதவர்களுக்கும் அந்த இடது கால்தான். படிவத்தில் 'உபகரணம்' என்றுதான் இருந்தது. எந்தப் பக்கத்து உபகரணம் என்று இல்லை. அதனால் பழவேற்காட்டில், காது கேளாத அசன் முகைதீன் பாய்க்கும் அதே காலை வழங்கினார்கள். பாய் அதை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார்.

"எனக்குத்தான் காது கேக்கலைங்க. ஒத்துக்கறேன்" என்றார் மைக்கிலேயே. "ஒங்களுக்கும் கேக்கலியா?"

கூட்டம் சிரித்தது. கணக்கில் ஒன்று கூடியது. சென்னையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அடுத்த திங்கட்கிழமை திருவள்ளூருக்கே ஒரு பெரிய அதிகாரி வருவதாகவும், அவர் கையால் விழா நடக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. "அந்த மேடையிலேயே உன்னை நிரந்தரமாக்கி கையெழுத்து வாங்கறேன். காலை மட்டும் பத்திரமாப் பாத்துக்க" என்றார் ராஜமாணிக்கம். பரசுராமன் அன்றிரவு கால் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கினான்.

இடையில் சனிக்கிழமை ஒரு விழா. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கத்தில். பயனாளி கலியன். உப்புப் படகுக்கும் கால்வாய்க் கரைக்கும் நடுவில் மாட்டி இடது காலை இழந்தவன். மூங்கில் கழியை அக்குளில் ஊன்றி நடப்பவன். எல்லைக்கு அந்தப் பக்கம் தடாவில் கருவாட்டுக் கிடங்கு வைத்திருந்த அப்துல் கனி, எடை போட ஆள் தேடிக்கொண்டிருந்தார். "ரெண்டு கையும் சும்மா இருக்கிற ஆளுதான் வேணும். ஒரு கை கழியப் புடிச்சிக்கினு இருந்தா தராசு யாரு புடிக்கிறது? சனிக்கிழம பொழுது சாயறதுக்குள்ள கழி இல்லாம என் எதிர்ல வந்து நில்லு, வேல ஒன்னுது. இல்லாட்டி வேற ஆளு வருது" என்று சொல்லியிருந்தார்.

பந்தலில் வாரை இறுக்கிக்கொண்டிருந்த பரசுராமனிடம் கலியன் மெதுவாகக் கேட்டான்.

"சார், இது எனுக்கா?"

"உனக்குத்தான்."

"எவ்ளோ நேரத்துக்கு?"

பரசுராமன் நிமிர்ந்து பார்த்தான்.

"பயவேற்காட்டு பாய் எல்லாம் சொன்னாரு சார்."

"...நன்றியுரை வரைக்கும்."

"நன்றி யாரு சொல்றது?"

"எங்க ஆபீசர்தான்."

"ரொம்ப நேரம் சொல்வாரா?"

"யாராவது கை தட்டினா சொல்வார்."

கலியன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்சாதி கங்கம்மாவைப் பார்த்தான். கங்கம்மா இரண்டு கையையும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

போட்டோ ஆயிற்று. ராஜமாணிக்கம் மைக்கைப் பிடித்து, "நன்றி கூறி அமர்கிறேன்" என்றார். கங்கம்மா கை தட்டினாள். அவர் அமரவில்லை. இந்தத் திட்டத்தின் வரலாற்றைச் சொன்னார். கை தட்டினாள். தம் சொந்த வரலாற்றைச் சொன்னார். இப்போது அந்த வரிசையே தட்டியது. பிறந்த ஊர், படித்த பள்ளி, பரீட்சையில் வாங்கிய மார்க்கு என்று நன்றியுரை பெருகிக்கொண்டே போயிற்று. இத்தனை ரசிகர்கள் இருக்கும் ஊரை அவர் அதுவரை கண்டதில்லை. கடைசியில் கங்கம்மாவுக்குக் கை வலித்தபோதுதான் அவருக்கு வாய் ஓய்ந்தது. பரசுராமன் திரும்பிப் பார்த்தான். நாற்காலியில் மாலை இருந்தது, எலுமிச்சம்பழம் இருந்தது, மூங்கில் கழியும் சாய்ந்திருந்தது. கலியனைக் காணோம்.

"ஓடுய்யா! என்னோட ரிப்போர்ட்டு நடந்து போவுது!" என்று அலறினார் ராஜமாணிக்கம்.

ஜீப் கிளம்பவில்லை. அது தள்ளினால்தான் கிளம்பும், தள்ளுகிறவன் பரசுராமன். அவனோ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு டிரங்க் ரோட்டில் வடக்கே ஓடினான். வெகுதூரத்தில் டக், டக் என்று தேக்குச் சத்தம். நிரந்தர உத்தியோகம் தன் கண்ணெதிரிலேயே நொண்டிக்கொண்டு போவதைப் பார்த்தபடி ஓடினான்.

எல்லைக் கல் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் எட்டிப் பிடித்தான்.

"கலியா, நில்லு! கழட்டு!"

"நட்ட நடு ரோட்லயா? கழட்டினா நா எப்டி ஊட்டுக்குப் போறது? நீ தூக்கிக்கினு போவியா சார்?"

"எனக்கு வேலை போயிடும்யா!"

"எனுக்கு இன்னிக்கித்தான் சார் வேலையே வர்து. பேஜாரு பண்ணாத."

சொல்லிக்கொண்டே திரும்பியதில் கலியன் ஒரு பள்ளத்தில் கால் வைத்துவிட்டான். ஆள் சாய்ந்தான். அவ்வளவுதான், பரசுராமனின் கைகள், எத்தனையோ போட்டோவுக்குப் பழகிய கைகள், அவனைக் கேட்காமலே நீண்டன. பின்னால் குனிந்து இடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். தாங்கியபடியே நடத்தினான். வார் நழுவியபோது நிறுத்தி, குந்தி உட்கார்ந்து, கொக்கியை மாட்டிவிட்டான். எல்லைக் கல் வந்தது. கலியன் கல்லைத் தாண்டினான். அப்போதுதான் பரசுராமனுக்கு, இங்கே போட்டோ எடுக்க யாரும் இல்லை என்பது உறைத்தது.

ஊர்ப் பிள்ளைகள் தள்ளிக் கிளப்பிய ஜீப் வந்து கல்லோரம் நின்றது.

"தாண்டாதே!" என்று கத்தினார் ராஜமாணிக்கம், பரசுராமனைப் பார்த்து. "வெளி ராஜ்யப் பிரயாணத்துக்கு முன் அனுமதி வாங்கணும்! கலியா, நீ வா இந்தப் பக்கம். சர்க்கார் சொத்தை ஒப்படைச்சிட்டுப் போ!"

"நா வந்தா கூடவே காலும் வருமே சார். அப்பால நா எப்டித் திரும்பறது? நீங்க வந்து எடுத்துக்கினு போங்க நைனா."

ராஜமாணிக்கம் கல்லைப் பார்த்தார். ஷூ நுனியைக் கல்லுக்கு ஒரு விரல்கடை முன்னால் நிறுத்திக்கொண்டார். டக், டக் சத்தம் தடாவை நோக்கித் தேய்ந்தது. பொழுது சாய இன்னும் நேரமிருந்தது.

திங்கட்கிழமை விழா நிற்கவில்லை. காரியாலயம் உபாயம் அற்றதல்ல. மேஜையின் ஒரு காலைத் திருகி எடுத்து, தோல் வார் வைத்துத் தைத்தார்கள். அதுவும் நல்ல தேக்குதான். மூன்று காலில் நின்ற மேஜைக்கு அடியில், நாலாவது காலுக்குப் பதிலாகப் படிவக் கட்டுகளை அடுக்கினார்கள். அந்தப் படிவங்களால் எதற்காவது ஊன்றுதுணை கிடைத்தது அதுவே முதல் தடவை.

சென்னைப் பெரிய அதிகாரி மேஜைக்காலை வழங்கினார். பரசுராமன் பின்னால் குனிந்து தாங்கினான். போட்டோ பிரமாதமாக வந்தது. நிரந்தர உத்தரவு மேடையில் தயாராக இருந்தது. பெரிய அதிகாரி பேனாவைத் திறந்துவிட்டு, சும்மா பேச்சுக்காக ஒரு கேள்வி கேட்டார்.

"இத்தனை பேருக்குக் கொடுத்திருக்கீங்களே, யாராவது நடக்கறாங்களா?"

ராஜமாணிக்கம் திகைத்துப்போனார். படிவத்தில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. பரசுராமன் பயனாளியின் முதுகுக்குப் பின்னாலிருந்து மெதுவாகத் தலையை நீட்டினான்.

"ஒருத்தர் நடக்கறார் சார்."

"ஒரே ஒருத்தரா? அவர் நடக்கறார்ங்கறதுக்கு என்னய்யா ஆதாரம்?"

"ஆபீஸே துரத்திப் பார்த்தது சார். பிடிக்க முடியலே."