கழுதை நலமாக உள்ளது

கதை படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கழுதைதான். எசமானை முதுகில் சுமந்து மலையைத் தாண்டி, வீட்டு வாசலில் பத்திரமாக இறக்கிவிட்டு, கடைசிப் பக்கத்தில் செத்துப்போகும். அந்த ஒரு பக்கத்துக்காகவே கார்ட்டூன்காரி ஏழு வருஷம் உட்கார்ந்து வரைந்து அந்தக் கதையைப் படமாக்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை வெளியீடு. பாக்கி ஒரே ஒரு முத்திரை: 'இப்படத்தில் விலங்கு எதுவும் துன்புறுத்தப்படவில்லை.'

முத்திரை குத்தும் அதிகாரி லஞ்சம் வாங்காத நல்ல மனிதர். விதியில் ஒரு வரி விடாமல் படிப்பவர்.

"கழுதையைக் கூட்டிட்டு வந்தீங்களா?"

"வரைஞ்ச கழுதை சார்." தாள் கட்டை மேசையில் வைத்தாள்.

மாட்டு டாக்டர் வரவழைக்கப்பட்டார். ஸ்டெதஸ்கோப்பைத் தாளின் மேல் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"துடிப்பு இல்ல."

"பேப்பர்ல எப்படி சார் துடிக்கும்?"

"காரணம் கேக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. இல்லன்னு எழுதத்தான் அதிகாரம்."

செத்த விலங்கை நடிக்க வைத்ததாகக் குறிப்பு எழுதப்பட்டது. அவள் பதறிப்போய்த் தாள்களைச் சரசரவென்று புரட்டிக் காட்டினாள். கழுதை காதை ஆட்டிக்கொண்டு நடந்தது. அலுவலகமே வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தது. டாக்டர் குறிப்பை அடித்து, 'உயிருடன் உள்ளது, நடை திருப்திகரம்' என்று திருத்தினார். கட்டின் கடைசியில் கழுதை சாய்ந்தது.

"இப்ப செத்துப்போச்சே. யார் பண்ணது?" என்றார் அதிகாரி.

"நான்தான் சார் வரைஞ்சேன்."

"ஒத்துக்கறாங்க, எழுதிக்குங்க டாக்டர். மொத்தம் எத்தனை கழுதைம்மா?"

"நொடிக்கு இருபத்து நாலு படம் சார். சாகற காட்சி ஒரு நிமிஷம்."

டாக்டர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஆயிரத்து நானூத்தி நாப்பது பிரேதப் பரிசோதனை. நான் ஒரே ஆள்."

"கதையில அப்படித்தான் சார் இருக்கு. எழுதினவர் நூறு வருஷம் முன்னாடியே கொன்னுட்டார்."

"அப்ப இந்த ஆபீஸ் இல்லம்மா. அவர் தப்பிச்சார்." அதிகாரிக்கு மனம் இளகியது. "ஒண்ணு பண்ணுங்க. சாக வேண்டாம். எந்திரிச்சு வாலை ஆட்டட்டும். அப்பவே முத்திரை."

வேறு வழி? அழுதுகொண்டே வாலை வரைந்தாள். பாழாய்ப்போன வால் அநியாயத்துக்கு நன்றாக வந்தது. முத்திரையும் வந்தது.

வெள்ளிக்கிழமை கொட்டகை நிறைந்தது. கழுதை எழுந்து வாலை ஆட்டியதும் விசில் பறந்தது. படம் விட்டதும் அதிகாரி மனைவி மக்களோடு விறுவிறுவென்று அவளிடம் வந்தார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? சின்ன வயசுல அந்தக் கழுதை செத்ததுக்கு நான் ரெண்டு நாள் சாப்பிடல. பிள்ளைங்களும் கொஞ்சம் அழட்டும்னு கூட்டிட்டு வந்தேன். கதையையே கெடுத்துட்டீங்களே."

விசிலடித்தவர்களும் சுற்றி நின்று, "அதானே, புத்தகம் மாதிரி வரல" என்றார்கள்.

"நீங்கதானே சார் வாலை ஆட்டச் சொன்னீங்க?"

"அது ஆபீஸ்ல. இது காசு குடுத்துப் பாத்தது. நான் புகார் எழுதாம விடமாட்டேன். யார்கிட்ட குடுக்கணும்?"

"உங்க ஆபீஸ்லதான் சார்."

அதிகாரியின் முகம் வாடிப்போயிற்று.

"அங்கயா? விடுங்கம்மா. அங்க போனா மனுஷனை நடையா நடக்க வைப்பாங்க."